தலமுறையாக அடுக்கிய பெறுபேறுகள்

கூட்டலிலும் கழித்தலிலும் கை தவறும்போதெல்லாம் உள்ளிருந்து திருத்தும் ஆனைமுகத்தானை முதற்கண் வணங்குகிறேன். பாடுகிறவர் எந்த ஊரவர் என்று கேளாமல் பாட்டை மட்டும் கேட்டருளும் அம்பலவாணன் திருவடிகளை அடுத்து வணங்குகிறேன். அறிந்ததை அறிந்தபடி எழுதவும், அறியாததை அறியேன் என்று எழுதவும் அவ்விருவரும் துணை நிற்க.

இன்று ஆனி உத்தரம். ஆடவல்லானுக்குத் திருமஞ்சனம் ஆகும் இந்நன்னாளில், விடியலில் நீராடி, படத்துக்குப் பூச்சாத்தி, இதனை எழுத அமர்ந்திருக்கிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் ஆடிக் கலவரத்துக்குப் பின் நானும் கணவரும் பிள்ளைகளோடு ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் இருபது ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவள் நான். என் ஆசிரியச் சான்றிதழை இங்கே எங்கெல்லாம் காட்டினேனோ, அங்கெல்லாம் புன்னகையோடு திருப்பித் தந்தார்கள். ஈற்றில் ஸ்காபரோவிலிருந்த ஒரு கல்லூரியின் சுகாதாரத் துறையில் இலிகிதர் வேலை கிடைத்தது. வோபர்னில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியிலிருந்து அக்கல்லூரி, ஒரு பதிகத்தை வாய்க்குள் பாடி முடிக்கும் தூரம். கடைசிப் பாட்டு வரும்போது பஸ்ஸின் மணிக்கயிற்றை இழுப்பேன்.

கடிதங்களைத் தட்டச்சுச் செய்வது, பதிவேடு எழுதுவது, அலுவலகச் சாளரத்தில் வந்து நிற்பவருக்கு மறுமொழி சொல்வது என்பன என் பணிகள். தாதி உதவியாளர் படிப்பு எங்கள் துறையின் பொறுப்பில் இருந்தது. கல்லூரி வைக்கும் பரீட்சையில் தேறினாலும் அப்படிப்பு முற்றுப்பெறாது. மாகாணம் முழுவதற்கும் பொதுவாக நடக்கும் பதிவுப் பரீட்சை ஒன்று உண்டு. அதிலும் தேறினால்தான் வைத்தியசாலையில் அந்தப் பெயரோடு வேலை செய்யலாம். மூன்று முறை எழுத இடமுண்டு. மூன்றிலும் தவறினால் படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பரீட்சையின் பெறுபேறுகள் தடித்த உறையில் வரும். தேறியவருக்கு ஒரு வரி மட்டுமே இருக்கும். தவறியவருக்கு ஒரு தாள் கூடுதலாக இருக்கும். முதியோர் பராமரிப்பு, மருந்து, சத்திரசிகிச்சை, தாய்சேய்ப் பராமரிப்பு என்று பகுதி பகுதியாக, எங்கே எவ்வளவு பெற்றார் என்பதை அதில் கோடுகளாக வரைந்திருப்பார்கள். அதன் ஒரு பிரதி மாணவருக்கும் இன்னொரு பிரதி எங்களுக்கும் கிடைக்கும். எங்கள் பிரதியைப் பார்த்து, தேறியவர் எத்தனை, தவறியவர் எத்தனை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, உறையை அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன். அந்தக் கோடுகளைப் பார்க்கும்படி எனக்கு யாரும் சொன்னதில்லை. யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் வந்த உறையைத் துறைத் தலைவி என் மேசையிலேயே வைத்துப் பிரித்தார். முன்னர் தாதியாக இருந்தவர். நடந்துகொண்டே பேசுவார், காதில் செருகிய பேனையை மேசையெங்கும் தேடுவார். அவரோடு நான் பேசியது ஆங்கிலத்தில். இங்கே அதைத் தமிழில் தருகிறேன்.

“பகல் வகுப்புக்குக் குறையில்லை. மாலை வகுப்புத்தான் மறுபடியும் விழுந்திருக்கிறது” என்றார்.

பகலில் வேலை பார்ப்பவர்களுக்காக நடந்தது மாலை வகுப்பு. அதில் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

“மொழிதான் காரணம். வேறென்ன இருக்க முடியும்? அடுத்த முறை ஆங்கிலப் பரீட்சையைக் கடினமாக்கிவிட்டு, அதில் தேறுபவரை மட்டும் சேர்ப்போம். அப்படி ஒரு கடிதம் தயாரியுங்கள், நான் கையெழுத்திடுகிறேன்.”

கடிதத்தைத் தொடங்கினேன். இரண்டாம் பந்தியில் இருக்கும்போது சாளரத்தில் ஒரு பெண் வந்து நின்றார். மட்டக்களப்பைச் சேர்ந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய், பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டு மாலை வகுப்பில் படித்து முடித்தவர். தபாலில் வந்த தாள் அவர் கையில் இருந்தது.

“அன்ரி, மறுகாவும் பெயில். ரெண்டு தரம் ஆயிட்டு. இனி ஒரே ஒரு தரம்தான் இரிக்கு.”

“வாரும் பிள்ளை, அழாதையும். தாளைத் தாரும் பாப்பம்.”

“இங்கிலிஸ் காணாது எண்டு எல்லாரும் சொல்றாங்க. சரி, இரிக்கட்டும். ஆனா அடுத்த தரமும் போச்செண்டா, முதல்ல இருந்து படிக்க என்னால ஏலாது அன்ரி. பிள்ளையள வச்சிக்கிட்டு இந்தப் படிப்பையே எப்படி முடிச்ச எண்டு எனக்குத்தான் தெரியும். அதோட விட்டுருவன்.”

தாளைப் பார்த்தேன். முதியோர் பராமரிப்பில் அவருடைய கோடு தாளின் விளிம்பைத் தொட்டது. மருந்துப் பகுதியில் நல்ல நீளம். அங்கேதான் நீண்ட நீண்ட ஆங்கில வாக்கியங்கள் வரும் என்று மாணவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். தாய்சேய்ப் பகுதியில் கோடு என் சுண்டுவிரல் நகத்தளவும் இல்லை.

எனக்கு அது வியப்பாக இருந்தது. மொழிதான் குறையென்றால் எல்லாக் கோடுகளும் சேர்ந்தல்லவா குறுக வேண்டும்? ஒன்று மட்டும் ஏன் இப்படி?

“பிள்ளைப்பேறு சம்பந்தமான பகுதியிலைதான் விழுந்திருக்கிறீர்” என்றேன்.

அவர் அழுகையை விட்டுச் சிரித்தார். “மூணு பெத்தவள் நான்! அதிலயா பெயில்? மிசின் பிழையாப் போட்டிரிக்கும்.”

அன்று மதிய இடைவேளையில், துறைத் தலைவியின் அனுமதியோடு, அலுமாரியிலிருந்த பழைய உறைகளை வெளியே எடுத்தேன். பெயர்களை விட்டுவிட்டு, தவறியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு அட்டை எழுதினேன். எந்தப் பகுதி மிகவும் குறுகியதோ அதை மேலே குறித்தேன். பிறகு அட்டைகளைப் பிறந்த நாட்டின்படி அடுக்கினேன்.

அந்த அடுக்கு துறைத் தலைவி சொன்னதையே சொல்வதுபோல் தெரிந்தது. வேறு நாட்டில் பிறந்தவர்களின் அட்டைகளிலேயே ‘தாய்சேய்’ என்ற சொல் மிகுதியாக இருந்தது. என் சனங்களின் அட்டைகளும் அங்கேதான் கிடந்தன. மனம் சோர்ந்து, அட்டைகளை இறப்பர் வளையத்தால் கட்டி வைத்தேன். ஆயினும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. மொழி தெரியாதவருக்கு மருந்தின் பெயர் விளங்கி, குழந்தையின் பெயர் மட்டும் விளங்காமல் போகுமா?

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை, தெரிந்த குடும்பம் ஒன்றின் நிலக்கீழ் அறையில் கூட்டுப் பிரார்த்தனை. என் புத்தகத்தை மறந்து வீட்டில் வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் தம்முடையதைத் தந்தார். சொன்ன பதிகத்தைத் தேடித் தேடிப் புரட்டுகிறேன், அகப்படவில்லை. பக்கத்திலிருந்த கணவர் காதோரம் சொன்னார்:

“இஞ்சாரும், நீர் பக்கம் பிடிக்கிறதுக்கிடையிலை இவை சுண்டல் குடுத்து முடிச்சிடுவினம்.”

“கதையாமல் இருங்கோ. கோயிலிலை கதைக்கிறியள்.”

“இது கோயிலில்லை, இவற்ரை பேஸ்மென்ற்.”

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “அக்கா, உது தலமுறையா அடுக்கினது. பண்ணைப் பாக்காதையுங்கோ, ஊரைப் பாத்துப் பிரட்டுங்கோ” என்றார்.

எங்கள் பதிகங்களை அச்சிடும் முறைகள் இரண்டு. பண்முறை ஏட்டில், எந்த இசையில் பாட வேண்டுமோ அந்த இசையின் கீழ்ப் பாட்டுகள் கூடியிருக்கும். தலமுறை ஏட்டில், எந்தக் கோயிலைப் பாடினார்களோ அந்தக் கோயிலின் கீழ்க் கூடியிருக்கும். பாட்டுகள் ஒன்றே, ஒரு சொல்லும் மாறுவதில்லை. பக்கத்தில் வந்து நிற்கும் பாட்டு மட்டும் மாறும். ஒரு தலத்துப் பாட்டுகளைத் தொடர்ந்து ஓதும்போதுதான், வேறு வேறு பண்ணில், வேறு வேறு காலத்தில் பாடியவற்றிலெல்லாம் அந்த ஊரின் கடலோ ஆறோ திரும்பத் திரும்ப வருவது புலப்படும்.

அன்று பிரார்த்தனையில் என் மனம் நிற்கவில்லை என்பதை இறைவன் பொறுத்தருள்வாராக. திங்கட்கிழமை மதியம் அட்டைகளின் கட்டை அவிழ்த்தேன். பிறந்த நாட்டை விட்டுவிட்டு, செய்முறைப் பயிற்சி எங்கே பெற்றார்கள் என்று பதிவேட்டில் பார்த்து, அந்தந்த இடத்தின் கீழ் அடுக்கினேன்.

பகல் வகுப்பினர் மூன்று வைத்தியசாலைகளில் மாறி மாறிப் பயின்றவர்கள். அவர்களில் தவறியோர் சிலரே. ஒருவர் மருந்தில், ஒருவர் சத்திரசிகிச்சையில் என்று ஆளுக்கோர் இடத்தில் விழுந்திருந்தார்கள். அவர்களுள்ளும் வேறு நாட்டவர் இருந்தார்கள். மாலை வகுப்பினர் பயின்றது ஒரு முதியோர் இல்லத்திலும் ஒரு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை விடுதியிலும் மட்டும். அவர்களுடைய அட்டைகள் ஏறத்தாழ அனைத்திலும் ஒரே சொல்: தாய்சேய். ஒன்ராறியோவிலேயே பிறந்து வளர்ந்த, ஆங்கிலம் தவிர வேறு மொழி அறியாத பெண்களின் அட்டைகளும் அந்தக் குவியலில் இருந்தன. முந்தைய அடுக்கில் அவை வேறு கட்டில் கிடந்தபடியால் என் கண்ணில் படவில்லை.

துறைத் தலைவியை அழைத்துக் காட்டினேன். இரண்டு குவியல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாலையில் மகப்பேற்று விடுதியில் மாணவர்களை ஏற்பதில்லை. அதனால் வகுப்பில் ஒரு படம் காட்டுகிறோம்” என்றார். பிறகு, “நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். மொழியாகவும் இருக்கலாம். எப்படிப் பிரித்தறிவது?”

“தமிழில் கேட்டுப் பார்க்கலாம்” என்றேன். “மொழிதான் தடையென்றால், தமிழில் கேட்கும்போது சரியான விடை வர வேண்டும்.”

அவர் காதிலிருந்த பேனையை ஒருவழியாகக் கண்டெடுத்து, கேள்விகள் சிலவற்றைத் தாமே எழுதித் தந்தார். மட்டக்களப்புப் பெண்ணைத் தொலைபேசியில் வரச் சொன்னேன். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் வந்தார்.

“பிள்ளை, பரீட்சையிலை வந்த கேள்வி ஒண்டும் சொல்லிப்போடாதையும். வெளியிலை சொல்லமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சனீர். நான் கேக்கிறதுக்கு மட்டும் தமிழிலை மறுமொழி சொல்லும்.”

“கேளுங்க அன்ரி. என்ன, கோட்டுல நிப்பாட்டின மாதிரி இரிக்கு.”

“பிள்ளை பிறந்த உடனை தாய்க்கு முதல் வாற மஞ்சள் பால் இருக்கெல்லே, அதை என்ன செய்யவேணும்?”

“பீச்சி ஊத்திடணும். அது பிள்ளைக்குச் செமிக்காது. ஒரு நாள், ரெண்டு நாள் சீனித்தண்ணி குடுக்கலாம்.”

“தாய் தண்ணி கேட்டால்?”

“கேட்டாலும் கொஞ்சமாத்தான். குடிச்சா வயிறு வச்சிடும். காயம் அரைச்சுக் குடுக்கணும்.” பிள்ளைபெற்றவளுக்கு இஞ்சியும் மிளகும் மஞ்சளும் சேர்த்து அரைத்துக் கொடுக்கும் சரக்கையே அவர் காயம் என்றார்.

ஒவ்வொரு விடையையும் ஆங்கிலத்தில் சொன்னேன். துறைத் தலைவியின் பேனை நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பெண் சொன்னவற்றில் ஒன்றுகூட எனக்குப் பிழையாகத் தோன்றவில்லை. என் பிள்ளைகளுக்கும் அப்படியே செய்தேன். கணிதம் படித்தவள், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“ஏன் அது பிழை?” என்று துறைத் தலைவியிடம் கேட்டேன். முதற்பாலே நோய் அணுகாமல் குழந்தையைக் காப்பது என்றும், பால் ஊறுவதற்குத் தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

மட்டக்களப்புப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ட மூணும் அப்படி வளந்ததுதான். மூணும் ஸ்கூல் போகுது. சாகல்லையே!”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அந்தக் குரல் துறைத் தலைவிக்கு விளங்கியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு, “இவருக்கு ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் கற்பிக்காத இடத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்ததால் நிரப்பியிருக்கிறார்” என்றார்.

பின்னர், தவறியவர்களில் இங்கேயே பிறந்த ஒரு பெண்ணையும் அழைத்துக் கேட்டார். அவரிடம் நிரப்புவதற்கு எதுவுமே இருக்கவில்லை. கைக்குழந்தை ஒன்றைத் தூக்கியதே இல்லையாம். வகுப்பில் காட்டிய படச்சுருள் நடுவில் அறுந்துபோனதாம். மீதியை ஆசிரியை வாயால் சொன்னாராம்.

ஆங்கிலப் பரீட்சை பற்றிய கடிதம் இரண்டாம் பந்தியோடு நின்றது. துறைத் தலைவி இரண்டு கிழமைகள் தொலைபேசியை விடவில்லை. கடைசியில் ஒரு வைத்தியசாலை, சனிக்கிழமைகளில் மாலை வகுப்பினரை மகப்பேற்று விடுதிக்குள் விட இசைந்தது. ஆறு சனிக்கிழமைகள்.

“அந்தப் பெண்?” என்று கேட்டேன்.

“விதிப்படி அவர் இப்போது எங்கள் மாணவியல்லவே.”

பதிவேட்டின் பின்பக்கத்தில் மாணவர் வகைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. யாரும் பயன்படுத்தாத ஒரு வகை அதில் கிடந்தது: மீள்பார்வைக்கு வருபவர். அதைச் சுட்டிக்காட்டினேன். துறைத் தலைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

தடை வந்தது அந்தப் பெண்ணிடமிருந்து.

“வேணாம் அன்ரி. சரியான மறுமொழி என்ன எண்டு இப்ப தெரியும்தானே. பாடமாக்கிட்டுப் போய் எழுதுறன். பிள்ளைப்பேறு எப்படி எண்டு எனக்கு இவங்க காட்டித்தரணுமா? வெக்கமா இரிக்கு.”

“ரெண்டு மறுமொழி இப்ப தெரியும். மூண்டாவதா வேறை ஒண்டு கேட்டால்?”

அவர் தோள்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எனக்கும் தெரியாது பிள்ளை. நானும் அந்தப் பாலை ஊத்தினவள்தான். வேறை என்னென்ன பிழையாச் செய்தன் எண்டு அறிய எனக்கு ஆசையாக் கிடக்கு. என்னை அங்கை விடமாட்டினம். நீர் போய்ப் பாத்திட்டு வந்து சொன்னால் எனக்கு உதவி.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “சும்மா சொல்றீங்களா, உண்மையாவா?”

“சத்தியமா.”

உண்மையாகத்தான் சொன்னேன். அவரை இணங்கவைக்க ஒரு தந்திரம் வேண்டும் என்றும் உள்ளே நினைத்தேன். இரண்டும் ஒருசேர இருந்தன.

ஆறு சனிக்கிழமைகளும் போனார். திங்கட்கிழமைதோறும் என் இடைவேளையில் தொலைபேசியில் அழைத்தார். முதல் வாரம்: “அன்ரி, பொறந்த உடன குளிப்பாட்டல்ல! தொடச்சிட்டுத் தாயிட நெஞ்சுல வைக்கிறாங்க. பார்க்க எனக்கு அழுகை வந்திட்டு.” மூன்றாம் வாரம்: “தொப்புள்ல ஒண்டும் பூசப்படாதாம். காயவிடணுமாம். நாம என்னெல்லாம் பூசின!” ஐந்தாம் வாரம் குரலில் ஒரு பெருமிதம்: “பால் கட்டிக்கிட்டு அழுத ஒரு வெள்ளைக்காரத் தாய்க்குச் சூட்டுத்துணி ஒத்தடம் குடுக்கட்டா எண்டு கேட்டன். அந்த நேர்ஸ், ஓம், அதுதான் சரி எண்டுட்டா. எங்கட எல்லாம் பிழை இல்ல அன்ரி.”

நான் ஒரு கொப்பியில் இரண்டு நிரல்கள் போட்டு எழுதிவந்தேன்: எங்கள் வழக்கத்தில் மாற்ற வேண்டியது, மாற்ற வேண்டாதது. இரண்டாம் நிரலும் வெறுமையாக இல்லை என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பரீட்சை நடந்த காலை, பஸ்ஸில் நான் பாடியது அவருக்காக. பெறுபேறு வர வாரங்கள் ஆயின. உறை வந்த அன்று துறைத் தலைவி அதைத் தாம் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். மட்டக்களப்புப் பெண்ணின் இலக்கத்தைத் தேடினேன். ஒரே ஒரு வரி இருந்தது. கூடுதல் தாள் இல்லை.

“தேறிவிட்டார்” என்றேன்.

துறைத் தலைவி மேசையைத் தட்டினார். “சனிக்கிழமைகள் செய்த வேலை!”

“இருக்கலாம். ஆனால் ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. மேலும், தேறியவருக்குக் கோடுகள் வருவதில்லை. தாய்சேய்ப் பகுதியில் அவர் எவ்வளவு எடுத்தார் என்பது நமக்குத் தெரியாது.”

“நீங்கள் ஒருநாளாவது ‘ஆம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டீர்களா?”

“அடுத்த மாலை வகுப்பும் எழுதட்டும். அதன் பிறகு சொல்கிறேன்.”

அடுத்த வகுப்பு எழுதியபோது, தவறியவர்களின் அட்டைகளைத் துறைத் தலைவியும் நானும் சேர்ந்தே அடுக்கினோம். தாய்சேய் என்ற சொல் ஒரு குவியலாகத் திரளாமல் சிதறியிருந்தது. ‘ஆம்’ என்றேன். ஆனால் மருந்துப் பகுதி முன்னிலும் சற்றுக் கூடுதலாகத் தலைகாட்டியது. சனிக்கிழமைகளுக்காக அதன் நேரத்தைக் குறைத்திருந்தார்கள். உடனே அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே அமர்ந்தார்.

மட்டக்களப்புப் பெண், தேறிய செய்தி வந்த மறுநாள் சாளரத்துக்கு வந்தார். பதிவுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் கல்லூரி முத்திரை இட வேண்டியிருந்தது. இட்டுக் கொடுத்தேன். மை காயுமட்டும் ஊதிக்கொண்டே நின்றார்.

“எங்க வேலை கேக்கப் போறன் தெரியுமா, அன்ரி?”

“முதியோர் இல்லத்திலைதானே நிரந்தரமாக்கித் தாறம் எண்டவை?”

“அவங்க தருவாங்க. ஆனா முதல்ல மகப்பேற்று வாட்டுல ஒரு விண்ணப்பம் போட்டுப் பாக்கப்போறன். இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லட்டும். கேக்கிறதுக்கென்ன?”

விண்ணப்பத்தை மடிக்காமல், மார்போடு அணைத்தபடி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

இதனை வாசிக்கும் யாவரும், வாசிக்கக் கேட்கும் யாவரும், தம் வீட்டிலும் தம் வழியிலும் நோயின்றி வாழ்க. தாயர் தண்ணீர் குறைவின்றிப் பருகுக. பிறக்கும் சேய்கள் முதற்பாலும் நிறைவாய்ப் பெறுக. எழுதும் பரீட்சைகளில் கை நடுங்காதிருக்க. எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் உங்கள் அனைவரையும் முன்னின்று காக்க.